‘இங்கு’ என்றால் எதுவரை

வாசலில் மாட்டிய போர்டில் தேவானையின் பேர் வந்ததற்கு ஒரே காரணம், வேறு யாரும் தங்கள் பேரைத் தரச் சம்மதிக்கவில்லை என்பதுதான்.

மந்தைவெளியில், ரயில் நிலையத்துக்கு நாலு தெரு தள்ளி, ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுக்கிற மூன்று மாடிக் கட்டடம் அது. ஒருநாள் சுகாதார ஆய்வாளர் வந்தார். வாசலில் புகை பிடிக்கக் கூடாது என்ற அறிவிப்பு இல்லை என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். போர்டு இரண்டடிக்கு ஓரடி இருக்க வேண்டும். நுழைகிறவர்கள் கண்ணில் பட வேண்டும். யாராவது புகை பிடித்தால் யாரிடம் புகார் சொல்வது என்று ஒருவருடைய பேரும் போன் நம்பரும் அதில் இருக்க வேண்டும்.

கடைசி நிபந்தனையில்தான் எல்லோரும் நழுவினார்கள். மேனேஜர் ராமானுஜம், ரிப்போர்ட் ஏன் வரவில்லை என்று கேட்கிறவர்களுக்கே போனை எடுக்காத மனிதர். டாக்டர்கள் சிரித்துவிட்டு லிஃப்டில் ஏறிப் போனார்கள். ரிசப்ஷனில் இருந்த பெண்கள், கண்டவனும் கூப்பிடுவான் சார் என்றார்கள்.

“தேவானைம்மா, உங்க நம்பரைப் போட்டுரலாமா?” என்றார் ராமானுஜம். “காலையில ஆறரைக்குக் கதவைத் திறக்கறதே நீங்கதானே.”

“அதுல இன்னா சார் வேலை?”

“ஒரு வேலையும் இல்ல. பேர் மட்டும்தான்.”

போர்டு வந்தது. ‘புகை பிடிக்கக் கூடாத இடம். இங்கு புகை பிடிப்பது குற்றம். புகார்களுக்கு: பொறுப்பு அலுவலர், திருமதி க. தேவானை.’ அதற்கடியில் அவள் நம்பர்.

கட்டடம் முழுக்கத் துடைத்து, ரத்தம் பட்ட பஞ்சையும் ஊசியையும் தனித்தனிப் பையில் கட்டி, கழிப்பறை கழுவுகிறவளை அலுவலர் என்று போட்டிருந்தார்கள். எழுதிய ஆளுக்கு அவள் யாரென்று தெரியாது. படிவத்தில் இருந்ததை எழுதியிருப்பான். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் போட்டோ எடுத்து, வேளச்சேரியில் பில் போடுகிற வேலையில் இருக்கும் மகள் மணிமொழிக்கு அனுப்பினாள். மணிமொழி பதிலுக்கு ஒரு சல்யூட் பொம்மை அனுப்பினாள்.

தேவானைக்கு ஐம்பத்து நாலு வயது. கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் பிறந்து, அங்கேயே கல்யாணம் ஆகி, அங்கேயிருந்து நடந்து போய் ஒரு ஆஸ்பத்திரியில் பதினொரு வருஷம் வார்டு ஆயாவாக இருந்தாள். படுத்த ஆளைப் புரட்டவும், படுக்கைப்புண் வரும் இடத்தை முதல் சிவப்பிலேயே கண்டுபிடிக்கவும், மூச்சு எண்ணவும் அங்கே கற்றுக்கொண்டாள். வெள்ளத்துக்கு அப்புறம் குடியிருப்பை எடுத்துவிட்டு பெரும்பாக்கத்தில் ஆறாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். அங்கேயிருந்து நைட் டூட்டிக்கு வந்து போக முடியாமல் ஆஸ்பத்திரி வேலை போயிற்று. இரண்டு பஸ் மாறி வந்தால் இந்த லேப். அவளுடைய கணவன் கதிரேசன் பீடி பிடிப்பவன். வேண்டாம் என்று இருபத்தாறு வருஷமாகச் சொல்லித் தோற்றுப் போனவள் அவள்.

அதனாலோ என்னவோ, போர்டு கொடுத்த அதிகாரம் அவளுக்குப் பிடித்திருந்தது.

லேபில் புகை பிடிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. வெறும் வயிற்றில் ஒருமுறை ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை கொடுக்க வேண்டும். கூட வந்தவர்கள் அந்த இரண்டு மணி நேரமும் என்ன செய்வார்கள்? வாசலில் நின்று பற்றவைப்பார்கள். அவர்களோடு, சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோக்காரர்கள். அதில் செம்பியன் முக்கியமானவன். நாற்பது வயது, நாள் முழுக்க வாய் ஓயாதவன்.

“யப்பா, போர்டு பாத்தியா?” என்று அவனிடமிருந்துதான் தொடங்கினாள்.

“பாத்தேங்கா. ‘இங்கு’ன்னு போட்டுக்கீது. இங்குன்னா எதுவரிக்கும்? சொல்லு, நான் ஒரு அடி தள்ளி நிக்கிறேன்.”

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. சட்டத்தில் எதுவரை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளே முடிவு செய்தாள். கேட்டிலிருந்து பக்கவாட்டுச் சந்து திரும்புகிற மூலை வரைக்கும் இங்கு. சந்துக்குள் போய்விட்டால் அங்கு.

“அந்தப் பக்கம் போங்க. சந்துல நின்னு புடிங்க. நான் எதுவும் கேக்க மாட்டேன்.”

“யக்கா, உன்ன கோட்டூர்புரத்துலேர்ந்து தூக்கி பெரும்பாக்கத்துல போட்டானுங்கல்ல, அதே மாதிரி எங்கள சந்துல போடுற. வீட்டுக்கு ஒரு சாவி குடுத்துடு.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

எதைச் செய்தாலும் திருத்தமாகச் செய்கிறவள் தேவானை. சந்தில் துண்டு சிகரெட்டுகள் இறைந்து கிடப்பதைப் பார்த்து, பழைய பெயின்ட் வாளி ஒன்றை எடுத்து, எதிரே வீடு கட்டுகிற இடத்திலிருந்து மணல் அள்ளி நிரப்பி அங்கே வைத்தாள். வெயில் படாத இடமாகப் பார்த்தாள். பக்கத்துப் பழைய வீட்டின் ஜன்னல் ஒன்று சந்தைப் பார்த்து இருந்தது. அதற்கு மேலே அகலமான சன்ஷேட். அதன் நிழலில் வைத்தாள். பச்சைக் கொசுவலை அடித்த ஜன்னல், உள்ளே திரை. வாளி வந்தபின் அந்த இடத்துக்கு ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. புதிதாக வருகிறவர்களிடம்கூட, “அதோ, வாளி வெச்சுக்கீது பாருங்க” என்று கையைக் காட்டினால் போதும்.

ஆய்வாளர் மறுபடி வந்தபோது வாசல் துடைத்துவிட்டதுபோல இருந்தது. “நீங்கதான் தேவானையா? நல்லா வெச்சிருக்கீங்க,” என்றார். ராமானுஜம் அவளைப் போர்டுக்குக் கீழே நிறுத்தி ஒரு படம் எடுத்தார்.

முதல் போன் ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை வந்தது.

“ஹலோ. போர்டுல இருக்கற... தேவானையா?” வயதான பெண் குரல். “நான் பக்கத்தாத்துலேர்ந்து... பேசறேன். எங்க ஜன்னலுக்கு... வெளில நின்னுண்டு... புகை பிடிக்கறா. எனக்கு... மூச்சு முடியல.”

இரண்டு மூன்று வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தினாள். தேவானையின் காது தானாக எண்ணியது. வார்டில் இப்படிப் பேசுகிறவர்களைக் கட்டிலை விட்டு இறங்கவே விட மாட்டார்கள். தனக்குத் தெரிந்துபோயிற்று என்பதுதான் பிற்பாடு அவளால் தாங்க முடியாத விஷயம். தெரியாமல் சொல்லியிருந்தால் வேறு.

தெரிந்தும் சொன்னாள். “அது எங்க பில்டிங் இல்லீங்க. எங்க போர்டு வாசல் வரிக்கும்தான்.”

“ஓ,” என்றது குரல். “சரி.” போன் வைக்கப்பட்டது.

மறுநாள் அதே நம்பர். எடுக்கவில்லை. அந்த நம்பரை ‘சந்து வீடு’ என்று பதிந்துகொண்டாள், எடுக்காமல் இருக்க வசதியாக. வியாழக்கிழமை மூன்றாவது முறை வந்தது. தரை துடைக்கிற கட்டையைப் பிடித்தபடி, மணி ஓய்கிறவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்தால் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வாளியை எடுக்க வேண்டும். அவர்கள் மறுபடி வாசலுக்கு வருவார்கள். போர்டில் இருப்பது அவள் பேர்.

அதற்கப்புறம் போன் வரவில்லை.

வந்துகொண்டிருந்தால் சலித்துக்கொண்டிருப்பாள். வராததுதான் தொந்தரவு செய்தது. சந்துப் பக்கம் குப்பை கொட்டப் போகும்போது பார்த்தாள், ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். கதவு இடுக்கில் உள்ளேயிருந்து பழைய புடவைத் துணியைத் திணித்திருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளக்கிற காலம். அடுத்தவர் வீட்டு ஜன்னல், அவர்கள் சாத்துவார்கள், திறப்பார்கள் என்று சொல்லிக்கொண்டாள். வாளியை ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு வந்தாள். ஒரு முழம்தான்.

முதல் போன் வந்து பதினைந்தாம் நாள் ஒரு பெண் லேபுக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும், வீட்டில் தங்கி நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் போடும் வெளிர்நீல மேல்கோட்டு. ரிசப்ஷனில் நின்று, வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்க ஆள் வேண்டும் என்றாள்.

“பேஷண்ட் பேர்?”

“ஹம்சா. வயசு எழுபத்தி நாலு. அட்ரஸ் ரொம்ப தூரமெல்லாம் இல்ல மேடம், உங்க பக்கத்துச் சந்துலதான். நுரையீரல் சுருங்கிப் போச்சு அவங்களுக்கு, ஆக்சிஜன்லயே இருக்காங்க. நான் அன்புச்செல்வி, அட்டெண்டரு.”

தேவானை நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த நாற்காலியையே திரும்பத் துடைத்தாள்.

“ஆஸ்பத்திரிலேர்ந்து இப்பதான் டிஸ்சார்ஜ் போல,” என்றாள் ரிசப்ஷன் பெண், காகிதத்தைப் பார்த்து.

“அந்தக் கதைய ஏன் கேக்கறீங்க! கரண்டு போச்சு, மெஷின் நின்னுருச்சு. கரண்டு போனா சிலிண்டருக்கு மாத்தணும், அது எனக்குத் தெரியும். ஆனா ஜன்னலுக்கு வெளிய நாலு பேரு நெருப்பு வெச்சுக்கிட்டு நிக்கிறானுங்க. வெக்க தாங்காம மாமி அன்னைக்குத்தான் ஜன்னலத் திறக்கச் சொல்லியிருந்தாங்க. நெருப்புப் பக்கத்துல சிலிண்டரத் திறக்கலாமா? ஓடிப் போயி ஜன்னலச் சாத்தி, துணி அடைச்சு, திரும்பி வந்து திறந்தேன். ரெண்டு நிமிஷம். உதடு நீலமாயிருச்சு மேடம். நாலு நாள் ஆஸ்பத்திரில இருந்தோம்.” அன்புச்செல்வி மூச்சு விட்டாள். “எந்தப் புண்ணியவானோ அங்க வாளி வேற வெச்சிருக்கான், கல்யாண வீட்டு வெத்தலத் தட்டு மாதிரி. அவன் நல்லா இருப்பானா?”

அன்று மத்தியானமே தேவானை வாளியைத் தூக்கி வந்து மணலைக் கொட்டினாள். சந்து முனையில் நின்றாள்.

“இங்க கூடாது நைனா. போங்க.”

“இன்னாக்கா கலாட்டா பண்ற?” என்றான் செம்பியன். “நீதானே அந்தப் பக்கம் போன்னு சொன்ன? வாளி வெச்சது யாரு, நானா?”

“நான்தான்.”

“அப்போ?”

“அப்போ தப்பா வெச்சேன். போ.”

அவன் முணுமுணுத்துக்கொண்டே டீக்கடைப் பக்கம் போனான். டீக்கடைக்கு மேலேயும் ஒரு வீடு, அதிலும் ஜன்னல் இருக்கிறது என்பதை முதல்முறையாகக் கவனித்தாள்.

ராமானுஜத்திடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சந்து நம்மளது இல்லையேம்மா. நீங்க வாளி வெச்சதை யாரும் கேக்கல. நீங்களா போய் வம்பை விலைக்கு வாங்காதீங்க. எடுத்துட்டீங்க இல்ல? விட்டுருங்க.”

அவர் சொன்னதில் தப்பில்லை. புகை நின்றுவிட்டது, விட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது. வாளி வைத்தவனை அன்புச்செல்வி திட்டினாளே தவிர, அது யார் என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு நாள் தேவானை விட்டுத்தான் பார்த்தாள். பஸ்ஸில் சோழிங்கநல்லூர் தாண்டும்போதெல்லாம் ஒரு முகம் நினைவுக்கு வந்தது. ஆற்றங்கரையில் வந்து, ‘அங்க எல்லா வசதியும் இருக்கு, போங்க’ என்று சொன்ன அதிகாரியின் முகம். பெரும்பாக்கத்தை ஒருமுறைகூடப் பார்க்காமலே அனுப்பினான் என்று அவனை எத்தனையோ வருஷம் திட்டியிருக்கிறாள். அந்தத் திரைக்குப் பின்னால் யார் படுத்திருக்கிறார்கள் என்று அவள் பார்த்தாளா?

மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். சொல்ல வேண்டியதை நாலு வாக்கியமாகச் சேர்த்து வைத்திருந்தாள்.

அன்புச்செல்வி திறந்தாள். “லேபா? நேத்தே வந்து ரத்தம் எடுத்துட்டுப் போயிட்டாங்களே.”

“சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“நீங்கதானே அவனுங்கள விரட்டினது? மாடிலேர்ந்து பாத்தேன். வாங்கக்கா, வாங்க. மாமி, புகை புடிக்கிறவங்கள விரட்டினாங்கன்னு சொன்னேன்ல, அவங்க வந்திருக்காங்க!”

சேர்த்து வைத்த நாலு வாக்கியமும் அங்கேயே சிதறிப் போயின. திட்டு வாங்க வந்தவளுக்கு வரவேற்பு.

ஜன்னலை ஒட்டிக் கட்டில். அதில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து, ஒல்லியான ஒரு அம்மாள். மூக்கில் குழாய். மூலையில் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் இன்னும் சாத்தியேதான் இருந்தது. அறை அடுப்பங்கரை மாதிரி வெந்தது. தேவானையின் கண் பழக்கத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தது. நகம் பரவாயில்லை. கால் வீக்கம் இல்லை. குழாய் காதுமடலை உரசி உரசி, அங்கே தோல் வழன்றிருந்தது.

“பஞ்சு இருக்குதா?” என்று அன்புச்செல்வியிடம் கேட்டாள். வாங்கி, திரித்து, காதுக்கும் குழாய்க்கும் நடுவில் வைத்து ஒட்டினாள். தலையணை உறையை இழுத்துவிட்டாள். தண்ணீர் டம்ளரை எட்டுகிற இடத்தில் நகர்த்தினாள். கை வேலை செய்துகொண்டிருக்கும்வரை வாய் சும்மா இருக்கலாம். செய்ய வேறெதுவும் மிச்சமில்லாமல் போனபோது, “வரேன் மாமி,” என்று முந்தானையைச் சரிசெய்தாள்.

“ரொம்ப உபகாரம்,” என்றாள் ஹம்சா. “ரெண்டு நாளா... புகை வரல.”

அந்த நன்றியோடு வெளியே போயிருக்கலாம். கால் வாசற்படி வரை போயும் போயிற்று.

“மாமி,” என்றாள் திரும்பி. “அவங்கள இந்தச் சந்துக்கு அனுப்பிச்சதே நான்தான். வாளி வெச்சதும் நான். நீங்க போன் பண்ணப்போ எங்க பில்டிங் இல்லன்னு சொன்னதும் நான்தான். அப்புறம் ரெண்டு வாட்டி எடுக்காமப் போனேன்.”

அன்புச்செல்வியின் கையில் இருந்த மருந்துத் தட்டு அப்படியே நின்றது.

“தெரியும்,” என்றாள் ஹம்சா.

“மாமி?”

“முப்பத்தோரு வருஷம்... டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஆபரேட்டர். ஒரு தரம் கேட்டா... குரல் மறக்காது.” நிறுத்தி மூச்சு வாங்கினாள். “ரெண்டு மாசமா... இந்த ஜன்னலண்ட படுத்துண்டு... ‘அந்தப் பக்கம் போங்க, வாளி வெச்சுக்கீது’ன்னு... உன் குரலைத்தான் கேட்டுண்டிருக்கேன். போர்டுல நம்பர் பாத்துண்டு வான்னு... இவளை அனுப்பினேன். நீ ஹலோன்னதுமே... ரெண்டும் ஒரே ஆள்னு தெரிஞ்சுடுத்து.”

“தெரிஞ்சும் ஏன் மாமி திட்டல?”

“திட்டறதுக்கு... நிறைய மூச்சு வேணும்.” கண்ணை மூடித் திறந்தாள். “எத்தனை நாளாச்சு, நான் போன் பண்ணி?”

“பதினேழு நாள்.”

“ம். நானும்... பதினேழுன்னுதான் எண்ணினேன்.”

தேவானை அழவில்லை. அழுதால் அந்த அம்மாள்தான் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கும் மூச்சு வேண்டும். “தப்பு மாமி. மன்னிச்சிடுங்க,” என்றாள்.

ஹம்சா ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பிறகு, “ஜன்னலைத் திற,” என்றாள்.

தேவானை இடுக்கிலிருந்த துணியைப் பிடுங்கி எடுத்தாள். கொக்கியை நீக்கித் தள்ளினாள். சூடான காற்றுதான் வந்தது. ஆனாலும் காற்று.

“ஒரு மணிக்குச் சாப்டுட்டு... எல்லாரும் வருவா,” என்றாள் ஹம்சா. “அப்ப... யார் இருப்பா?”

“நான் நிக்கிறேன் மாமி.”

“தினமுமா?”

“லீவு நாள் தவிர.”

“லீவு அன்னிக்கு நான் பாத்துக்கறேன்,” என்று கடுகடுப்பாகச் சொன்னாள் அன்புச்செல்வி. அவள் அதற்குப் பிறகு தேவானையை அக்கா என்று கூப்பிடவில்லை.

இப்போது தேவானை பன்னிரண்டே முக்காலுக்குச் சாப்பிட்டு முடித்துவிடுகிறாள். ஒரு மணியிலிருந்து ஒன்றரை வரை சந்தில் நிற்கிறாள். ராமானுஜத்துக்குப் பிடிக்கவில்லை, சாப்பாட்டு நேரம் அவளுடையது என்பதால் பேசாமல் இருக்கிறார். செம்பியன் கேலி செய்கிறான், ‘அலுவலரம்மா வெயில்ல காயுறாங்க’ என்று. எங்கே போவது என்று கேட்கிறவர்களிடம் அவளுக்குச் சொல்ல இடம் இல்லை. தெரியவில்லை என்றுதான் சொல்கிறாள். சிலர் திட்டிவிட்டுப் போகிறார்கள். சிலர் பாக்கெட்டிலேயே திரும்ப வைத்துக்கொள்கிறார்கள்.

அந்த நுரையீரல் எப்படியும் இப்படித்தான் ஆகியிருக்கும், புகை வந்தாலும் வராவிட்டாலும் என்று டாக்டர் சொன்னாராம். அன்புச்செல்வி ஒருநாள் ஜன்னல் வழியாகச் சொன்னாள், கொஞ்சம் மனசு இளகி. தேவானை தலையை ஆட்டினாள். பதினொரு வருஷம் வார்டில் இருந்தவளுக்கு வறட்டு இருமல் எது, சளி கட்டிய இருமல் எது என்று காதாலேயே சொல்ல முடியும். ஆனால் நோயால் வந்த இருமல் எது, அவள் அனுப்பிய புகையால் வந்தது எது என்று பிரிக்க அவளுக்குத் தெரியாது. உள்ளே ஹம்சா இருமும்போது, சந்தில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்கிறாள்.